பெரியவருக்கு ஒரு ‘ம்’

அக்டோபர் 9, வியாழன்

இன்றிலிருந்து நான் சீஸ்களின் முகம் வரைகிறவள். நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு பதவி.

காலையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது வத்சலா வந்து நின்றாள். நாங்கள் செய்கிற பன்னிரண்டு வகைக்கும் ஆளுக்கொரு படம் வேண்டுமாம்.

“போட்டோ வேணாம்டி. அது எல்லாரும் போடுறாங்க. பெரிய மனுஷங்கள நாற்காலில உக்கார வச்சு வரைவாங்கல்ல, அந்த மாதிரி. ஆயில் பெயின்ட்ல.”

“எதுக்கு?”

“கடைக்கு. சுவர்ல வரிசையா மாட்டணும். டிசம்பர்ல திறந்துரலாம்னு இருக்கேன்.”

கடை, கடை என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். திண்டுக்கல் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலையை விட்டுவிட்டு நான் கொடைக்கானல் மலைக்கு இவளோடு வந்து சேர்ந்ததே அந்தக் கடைப் பேச்சைக் கேட்டுத்தான். இடம் எங்கே என்று கேட்டேன். பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். ஏரிப் பக்கமாக இருந்தால் நல்லது என்றேன். “பாப்போம்” என்று தோசையைப் பிய்த்தாள்.

சந்தோஷமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

அக்டோபர் 14, செவ்வாய்

வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டைக் குடைந்து கட்டிய அறையைக் குகை என்று சொல்வோம். சீஸ்கள் மாதக்கணக்கில் பலகையில் உட்கார்ந்து முதிர்வது அங்கேதான். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு இன்று அங்கே படம் வரையும் சட்டத்தை நிறுத்தினேன். வேலைக்கு வரும் பஞ்சவர்ணம் என்னைப் பார்த்துவிட்டு, “டீச்சரம்மா, இமயமலைக்கா?” என்றாள்.

முதலில் உட்கார்ந்தவர் சாம்பலாண்டி. உடம்பெல்லாம் சாம்பல் பூசியவர் என்பதால் அந்தப் பெயர். எல்லாருக்கும் நான்தான் பெயர் வைத்தது. மிளகு போட்டது மிளகி. உப்புத்தண்ணீரில் கழுவிக் கழுவி நாற்றம் பிடித்துச் சிவந்தது நாகம்மா. எட்டிலிருந்து பத்து மாதம்வரை முதிரும் பெரிய சீஸ் வட்டு, பெரியவர்.

மனிதர்களை வரைவதைவிட இது நிம்மதி. பழைய பள்ளியின் தலைமையாசிரியை தன் மருவை எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை படத்தைத் திருப்பி அனுப்பினார். சாம்பலாண்டி தன் வெடிப்பை மறைக்கச் சொல்லவில்லை. படத்தின் அடியில் பெயரையும், செய்தவர் பெயரையும் எழுதுகிறேன். செய்தவர்: வத்சலா. எழுதும்போது கை கொஞ்சம் அழகாகவே ஓடுகிறது.

வண்ணங்களைச் சின்ன அறையில் பரப்பி வைத்திருக்கிறேன். போன வருடம் சீஸ் செய்யக் கற்றுக்கொள்ள வந்த ஷெர்லி தங்கிய அறை. குன்னூர்ப் பெண், முப்பதைத் தாண்டியவள், மூன்று மாதம் இருந்தாள். எப்போது பார்த்தாலும் தலையில் ஈரிழைத் துண்டு. ஒருநாள் புதுத் துண்டு ஒன்றிலேயே தயிரைக் கட்டி அச்சில் வைத்து வத்சலாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். “துணி மாறுனா சீஸோட தோல் மாறிடும். நம்ம வீட்டுல மல் துணிதான்!” பிறகு அவளுக்கு மல் துணியை ஓரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். போனபிறகு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட வரவில்லை, எனக்கு.

அக்டோபர் 17, வெள்ளி

சண்டை. வட்டுகளை அடிக்கடி புரட்டிப்போட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் ஈரம் கோத்துக்கொள்ளும். ஆனால் உட்கார்ந்திருப்பவரைப் புரட்டினால் நான் எதை வரைய? கடைசியில் ஒரு சமாதானம். வத்சலா காலையில் புரட்டுவாள், சாயங்காலம் பழையபடி வைப்பாள். பலகையில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன், கோட்டுக்கு நேராக மூக்கு இருக்க வேண்டும். “மூக்காம் மூக்கு” என்று சிரித்தாள்.

அதற்குள் நாளைக்கு ஊட்டிக்குப் போகிறாளாம், மெஷின் பார்க்க. இந்த வருடம் எத்தனை மெஷின் பார்த்தாகிவிட்டது. ஒன்றுகூட வீடு வந்து சேரவில்லை. பஞ்சவர்ணம் புரட்டிக் கொடுப்பாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊட்டியில் மழையாம், பாதை அடைப்பாம். எண்ணெய் தேய்த்துவிட ஆளில்லை. ஷாம்பு போட்டுக் குளித்தேன்.

அக்டோபர் 22, புதன்

வந்துவிட்டாள். ஜீப்பிலிருந்து ஏதோ இறக்கினாள், நான் குகையில் இருந்ததால் பார்க்கவில்லை. எனக்கு ஊட்டி வர்க்கி. நமத்துப் போயிருந்தது. தின்றேன்.

மதியம் மிளகியின் புது வட்டை வெட்டினாள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வட்டை வெட்டினாலும் முதல் துண்டு எனக்கு. நான் மெல்லும்வரை வத்சலா கத்தியைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்ப்பாள். நான் “ம்” என்றால் விற்பனைக்குப் போகும். “ம்ஹூம்” என்றால் பஞ்சவர்ணத்தின் வீட்டு நாய்க்குக் கொண்டாட்டம். “நாள் பூரா பாலுலயே கிடந்து என் நாக்கு செத்துப்போச்சுடி, உன் நாக்குதான் எனக்கு நாக்கு” என்பாள். பதினோரு வருடத்தில் என் ‘ம்’ இல்லாமல் ஒரு துண்டுகூட இந்த வீட்டுப் படி தாண்டியதில்லை.

மிளகிக்கு இன்று ‘ம்’. வத்சலா என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 27, திங்கள்

பெரியவர் வந்து அமர்ந்தார்.

“ஜனவரில பண்ணின பெரியவரெல்லாம் ஓணத்துக்கே போயிருச்சுன்னுல நினைச்சேன்?” என்றேன்.

“ஒண்ணு பின்னால ஒளிஞ்சிருந்துச்சு” என்றாள் வத்சலா. அவளே தூக்கிவந்து, அவளே கோட்டுக்கு நேராக வைத்து, தூரிகையால் தூசியைத் துடைத்து, ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தாள். வேறு எந்த வட்டுக்கும் இந்த உபசாரம் நடக்கவில்லை. “இவரை மட்டும் நிதானமா வரை. இதுதான் நடுவுல வரும்.”

நல்ல முகம். பழுப்பிலும் சாம்பலிலும் மேடு பள்ளம், ஒரு பக்கம் கோபுரம் மாதிரி சுண்ணாம்பு நிறப் பூஞ்சை. அச்சில் அழுத்தும்போது சுற்றிய துணியின் நெசவு தோலில் அப்படியே பதிந்திருக்கும். அதைத்தான் முதலில் கோடு போட ஆரம்பித்தேன். கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. எவ்வளவு கண்ணைக் கசக்கினாலும் இரண்டிரண்டாகத்தான். போன மாதம் மாற்றிய மூக்குக் கண்ணாடிதான் காரணம். அந்தக் கடைக்காரன் மேல் எனக்கு அன்றே சந்தேகம்.

அக்டோபர் 30, வியாழன்

இதற்காகவே பஸ் பிடித்து வத்தலக்குண்டு இறங்கினேன். கண்ணாடிக்கடைக்காரர் என்னை உட்காரவைத்து எல்லா எழுத்தையும் படிக்கச் சொன்னார். படித்தேன். கடைசி வரியைக்கூட.

“கண்ணாடில ஒரு குறையும் இல்லீங்க டீச்சர். என்ன இரண்டாத் தெரியுது?”

“சீஸ்.”

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. போனதற்கு மல் துணி வாங்கிவந்தேன். பஸ்ஸில் அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒற்றை இழை, ஒற்றை இழை, ஒற்றை இழை. கண் நன்றாகவே தெரிகிறது.

நவம்பர் 3, திங்கள்

பெரியவர் பக்கத்தில் மிளகியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். மிளகியின் தோலில் ஒற்றைக் கோடு. பெரியவரின் தோலில் ஜோடி ஜோடியாக.

சாப்பிடும்போது கேட்டேன். “ஜனவரில துணி ஏதும் மாத்துனியா?”

“எதுக்கு?”

“பெரியவர் தோல்ல நெசவு வேற மாதிரி இருக்கு.”

“ஆமா, ஏதோ ஒரு துணி கிடந்துச்சு, அதைச் சுத்திட்டேன்போல.” ரசத்தைக் குனிந்து குடித்தாள். “நீ வரைஞ்சிட்டுத்தானே இருக்க?”

அப்படியும் இருக்கலாம். இந்த வீட்டில் சீஸ் துணிகளை வாங்குவதும், ஓரம் அடிப்பதும், கொதிக்கவைத்து வெயிலில் போடுவதும் நான். எனக்குத் தெரியாமல் ஒரு துணி கிடந்திருக்கும். ஏன் கிடக்கக்கூடாது?

நவம்பர் 8, சனி

பஞ்சவர்ணம் குகையைக் கழுவ வந்தாள். பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“அய்யய்யோ, அப்படியே இருக்கே! தொட்டா ஒட்டும்போல. வத்சலாம்மா ஜீப்புல மடியில வச்சுக் கொண்டாந்தாங்களே, அதானே டீச்சரம்மா இது?”

“எப்போ?”

“தீவாளி கழிச்சு வந்தாங்கல்ல, அப்பத்தான். நான்தான் ஒரு கை பிடிச்சு இறக்குனேன். ஷெர்லி பாப்பா பண்ணுனதுன்னு சொன்னாங்க. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத் தொழிலைப் பிடிச்சிருச்சு.”

சொன்னபிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரே இடத்தையே வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ருசி பார்க்க வாங்கி வந்திருப்பாள். வாத்தியார் மாணவியின் வேலையைத் திருத்துவது வழக்கம்தானே. என்னிடம் சொல்ல மறந்திருப்பாள்.

நாகம்மா படம் முடிந்தது. படத்திலேயே நாறுகிறது என்று சொல்லும் அளவுக்கு வந்திருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

மடியில் வைத்து.

நவம்பர் 15, சனி

பெரியவருக்கு இன்னும் கோடுகள் போட்டுக்கொண்டிருக்கிறேன். பாதியில் விட எனக்கு வராது. இரண்டிரண்டாக ஓடும் அந்த நெசவு எது என்று எனக்கு வத்தலக்குண்டிலிருந்து திரும்பிய பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது. இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான். ஈரிழைத் துண்டு. அந்தப் பெண் மல் துணிக்கு ஓரம் அடிக்க என்னிடம் கற்றுக்கொண்டு போய், தன் இஷ்டப்படி துண்டையே சுற்றியிருக்கிறாள். வத்சலாவும் இந்த முறை திட்டியிருக்க மாட்டாள்.

எனக்கு மனதில் ஓடுவது துண்டு அல்ல. பெரியவரின் வயது. இந்த நிறமும் இந்த வெடிப்பும் பத்து மாதத்துக்குக் குறைந்து வராது. பதினோரு வருடம் பார்த்த கண் இது, ஏமாறாது. பத்து மாதம் என்றால் ஜனவரி. ஜனவரியில் வத்சலா கறவை மாடு பார்க்க ஈரோடு போவதாகச் சொல்லிவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தாள். மாடு பிடிக்கவில்லை என்றாள். பாவம், அலைந்துவிட்டு வந்தாளே என்று காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

வெந்நீரில் கல் உப்பு வேறு போட்டேன்.

நவம்பர் 19, புதன்

கேட்டுவிட்டேன்.

வத்சலா வெளியே கிளம்ப ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தாள். “ஷெர்லி எப்படி இருக்கா?” என்றேன். பொத்தான் தவறான துளைக்குள் போனது.

“எந்த ஷெர்லி?”

“ஈரிழைத் துண்டு ஷெர்லி.”

உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் கீழே இழுத்துக்கொண்டிருந்த ஸ்வெட்டரை நானே சரிசெய்திருப்பேன், வேறொரு நாளாக இருந்தால்.

“கடை எங்க?” என்றேன்.

“குன்னூர்ல.”

“எப்ப முடிவாச்சு?” அவள் ஸ்வெட்டர் நூலைப் பிய்த்தாள். “சரி, வேற மாதிரி கேக்குறேன். பெரியவருக்கு என்ன வயசு?”

“டெய்சி…”

“நீதானே சொல்லிக்குடுத்த, தோலைப் பாத்து வயசு சொல்ல. பத்து மாசம். அப்ப பத்து மாசமா என்கிட்ட மாடு, மெஷின்னு கதை சொல்லிருக்க.”

“சொல்லணும்னுதான்டி இருந்தேன். படமெல்லாம் முடியட்டும்னு பாத்தேன்.”

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எவ்வளவோ தடவை படித்துப் பார்த்தேன். வேறு அர்த்தம் ஏதாவது கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. படம் முடியட்டும் என்று பார்த்திருக்கிறாள்.

“அவ பண்ணினதை நம்மளதுன்னு பொய் சொல்லி ஏன் என் முன்னாடி கொண்டுவந்து வச்ச?”

“அவ கையில மொதல்ல உருப்படியா வந்தது அதுதான். உன் கையால அதை வரையணும்னு எனக்கு ஒரு ஆசை. தெரிஞ்சா நீ வரைய மாட்ட.”

“வரைஞ்சிட்டேனே.”

“ஆமா. எல்லாத்துலயும் அதுதான் நல்லா வந்திருக்கு.” பாராட்டினாள். அந்த நேரத்திலும் பாராட்டினாள், அதுவும் உண்மையாக.

எழுந்து கெட்டிலைப் போட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “நீயும் வாயேன்.”

“அங்க நீ எந்த ரூம்ல இருக்க?”

கெட்டில் கொதித்து அணைந்தது.

நான் ஏமாந்துவிட்டேன். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு இன்று தெம்பில்லை. அவள் போவதைக்கூட எப்படியாவது விழுங்கிக்கொள்வேன். என் கண்ணையும் கையையும் எனக்கே தெரியாமல் எடுத்து இன்னொருத்திக்குச் சீர் வரிசை வைத்தாளே, அதை எப்படி விழுங்க? குளிரில் விரல் விறைத்து, அந்தத் தோலை ஒரு குழந்தையின் முகம்போல உற்று உற்றுப் பார்த்து வரைந்தேனே.

நவம்பர் 24, திங்கள்

மூட்டை கட்டுகிறாள். அச்சுகள், பெரிய பாத்திரம், தயிர் வெட்டும் கத்திகள். நாங்கள் பேசிக்கொள்கிறோம். “சாப்பாடு இருக்கு.” “சரி.” “டார்ச் எங்க?” “ஆணியில.”

பஞ்சவர்ணம் என்னிடம் வந்து குசுகுசுத்தாள். “எல்லாத்தையும் எடுத்துட்டாங்க டீச்சரம்மா. துணியை மட்டும் விட்டுட்டாங்க. ஞாபகப்படுத்தட்டா?”

வேண்டாம் என்றேன். அவர்களுக்குத்தான் துண்டு இருக்கிறதே.

பன்னிரண்டு படங்களையும் கிழித்துவிடலாம் என்று காலையில் தோன்றியது. சாம்பலாண்டி என்ன பாவம் செய்தார்? பெரியவர்தான் என்ன செய்தார்? நன்றாக முதிர்ந்தது ஒரு குற்றமா? பெரியவர் படத்தில் மீதி இருந்த நிழலை முடித்தேன். கோடு ஒன்றையும் மாற்றவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

வேன் வந்தது. கூடத்தில் படங்களைச் சுவரோரமாக வரிசையாகச் சாய்த்து வைத்தேன். பதினொரு படங்களின் அடியில் ‘செய்தவர்: வத்சலா’. பெரியவரின் அடியில் நேற்று எழுதினேன்: ‘செய்தவர்: ஷெர்லி’.

வாசலிலிருந்து வத்சலா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். கடைசிப் படத்தில் நின்றாள். கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு எவ்வளவு பெரிய மனசுடி. ஷெர்லி ரொம்ப சந்தோஷப்படுவா” என்றாள்.

கன்னத்தில் அறைந்ததாக நினைத்துத்தான் எழுதினேன். மாலை போட்டதாக எடுத்துக்கொண்டாள். பதினோரு வருடம் கூடவே இருந்தவளுக்கு என் கோபம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியவில்லை.

வேன்காரர் பெரியவர் வட்டைத் தூக்கப் போனார். அப்போது வத்சலா அவரை நிறுத்தினாள். மேசைமேல் வைக்கச் சொல்லி, மூட்டைக்குள்ளிருந்து கத்தியைத் தேடி எடுத்தாள். நடுவில் வெட்டினாள். உள்ளே நல்ல தந்த நிறம், ஓரத்தில் மட்டும் தேன் படிந்த மாதிரி. முனையில் ஒரு துண்டு நறுக்கி என்னிடம் நீட்டினாள்.

வாங்கி வாயில் போட்டேன்.

கத்தியைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள், எப்போதும்போல. வேன்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பஞ்சவர்ணம் மூக்கைச் சிந்தினாள். நான் மெதுவாக மென்றேன், விழுங்கினேன், தண்ணீர் குடித்தேன்.

“என்னடி?” என்றாள்.

நான் சாமான்களைச் சுட்டிக்காட்டி, “பாத்திரத்து மூடி வெளில கிடக்கு, விட்டுட்டுப் போயிராத” என்றேன்.

“டெய்சி, ‘ம்’மா, ‘ம்ஹூம்’மா?”

“வேன் நிக்குது.”

அரை வட்டை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மறதியா, தானமா, தெரியவில்லை. வேன் வளைவில் திரும்பும்வரை ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனாள். முகத்தில் அந்தக் கேள்விதான் இருந்தது. என்னைப் பிரிகிற வருத்தம் இருந்ததா என்று பார்த்தேன். இருந்திருக்கலாம், மூடுபனி.

நவம்பர் 30, ஞாயிறு

பழக்கதோஷத்தில் மல் துணிகளைக் கொதிக்கவைத்துக் காயப்போட்டேன். மடித்தும் வைத்தேன். பிறகு அழுதேன்.

டிசம்பர் 6, சனி

குகையில் என் சாக்பீஸ் கோடு மட்டும் இருக்கிறது. பஞ்சவர்ணம் கழுவும்போது அதைச் சுற்றிக் கழுவியிருக்கிறாள். நானே ஈரத்துணியால் துடைத்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

கடை திறந்துவிட்டார்களாம். வத்சலா போன் செய்தாள். நல்ல கூட்டமாம், படங்களுக்கு முன்னால் ஆட்கள் நின்று நின்று பார்க்கிறார்களாம், பெரியவருக்கு முன்னால்தான் அதிகமாம். நான் சாப்பிட்டேனா, ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போடுகிறேனா என்றெல்லாம் கேட்டாள். சாப்பிட்டேன், போடுகிறேன்.

அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல், “அக்காகிட்ட அதக் கேளுங்க” என்றது.

“டெய்சி,” என்றாள் வத்சலா. தொண்டையைச் செருமினாள். “பெரியவர் எப்படி இருந்தாருன்னு நீ சொல்லவே இல்லையே. நாங்க ரெண்டு பேரும் சாப்ட்டுப் பாத்தோம். நல்லாத்தான் இருக்கற மாதிரி இருக்கு. ஆனா எனக்குத் தெரியலடி. இவ பண்ணின மத்த வட்டையெல்லாம் வெட்டாம வச்சிருக்கேன்.”

இங்கே மழை, லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வெளியே நல்ல வெயில். அந்த அரை வட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த துண்டை இன்று காலைதான் தோசைக்குள் வைத்துத் தின்று முடித்திருந்தேன். தோலைக்கூட விடவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.